போலந்தின் கார்பன் வழக்கைப் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆலைகள் வெளியிடும் கார்பனுக்கு அனுமதிகள் வழங்கி, அவற்றை வாங்கி விற்க விடும் ஐரோப்பிய ஒன்றியத்தின் உமிழ்வு வர்த்தகச் சட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். எவ்வளவு கார்பனைக் குறைக்க வேண்டும் என்பது ஒரு கேள்வி. அந்த அளவை நிர்ணயிக்கும் அதிகாரம் யாருக்கு என்பது வேறு கேள்வி. போலந்து கேட்ட அனுமதிகளை ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் வெட்டியதை எதிர்த்து அந்நாடு தொடுத்த வழக்கில், ஒன்றியத்தின் நீதிமன்றம் விசாரித்தது இரண்டாவதை. நாம் தீர்ப்பைப் படிப்பதோ முதலாவதை மனதில் வைத்துக்கொண்டு.

2003-ஆம் ஆண்டின் 87-ஆம் எண் வழிகாட்டு உத்தரவின்படி, 2005–07, 2008–12 ஆகிய இரு கட்டங்களுக்கும் ஒவ்வொரு நாடும் தேசிய ஒதுக்கீட்டுத் திட்டம் ஒன்றைத் தயாரித்தது. நாட்டுக்கு மொத்தம் எத்தனை உமிழ்வு அனுமதிகள், எந்த ஆலைக்கு எத்தனை என்று அதில் இருக்கும். ஓர் அனுமதி என்பது ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு. உத்தரவின் இணைப்பில் உள்ள அளவுகோல்களுக்கு அத்திட்டம் முரணாக இருந்தால், ஐரோப்பிய ஆணையம் மூன்று மாதத்துக்குள் அதை நிராகரிக்கலாம்.

நிராகரிக்கும் இந்த அதிகாரத்தை நிர்ணயிக்கும் அதிகாரமாக எடுத்துக்கொள்வதுதான் பெரிய தவறு. ஆணையமே அதைச் செய்தது. இரண்டாம் கட்டத்துக்குப் போலந்து கேட்டது ஆண்டுக்குச் சுமார் 28.46 கோடி டன். 2007-இல் ஆணையம் அதில் கால் பங்குக்கும் மேல் வெட்டி, 20.85 கோடிக்கு மேல் போகக் கூடாது என்றது. எஸ்டோனியா கேட்டதில் கிட்டத்தட்ட பாதி போயிற்று. எல்லா நாடுகளுக்கும் ஒரே கணக்குமுறை என்று சொல்லி, அந்த நாடுகள் தந்த தரவை ஓரமாக வைத்துவிட்டுத் தன் கணக்கை அந்த இடத்தில் வைத்தது ஆணையம்.

இரு நாடுகளும் வழக்குத் தொடுத்தன. 2009 செப்டம்பரில் ஒன்றியத்தின் முதல்நிலை நீதிமன்றம் ஆணையத்தின் இரு முடிவுகளையும் ரத்து செய்தது. எந்தத் தரவு, எந்தக் கணக்குமுறை என்பது உறுப்பு நாட்டின் தேர்வு. அது அளவுகோலை எங்கே மீறுகிறது என்று காட்டும் பொறுப்பு ஆணையத்துடையது. அதைக் காட்டாமல் மாற்றுக் கணக்கைத் திணிக்கவும் முடியாது, உச்சவரம்பை ஆணையமே எழுதவும் முடியாது. நாடுகளைச் சமமாக நடத்த வேண்டாமா என்ற வாதமும் எடுபடவில்லை. சமத்துவக் கொள்கை, சட்டம் பிரித்துக் கொடுத்த அதிகாரத்தை மாற்றி எழுதாது என்றது நீதிமன்றம். ஆணையத்தின் மேல்முறையீடும் 2012 மார்ச்சில் தள்ளுபடியானது.

இந்தியாவில் சட்டம் படித்தவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். ஆணையத்தை டெல்லியாகவும் போலந்தின் தலைநகர் வார்சாவை ஒரு மாநிலத் தலைநகராகவும் நினைத்துக்கொண்டால் எதுவும் பிடிபடாது. நம் அரசமைப்பில் யாருக்கும் ஒதுக்காத அதிகாரம் மத்தியிடம் போகும். அங்கே நாடுகள் செய்துகொண்ட ஒன்றிய ஒப்பந்தத்தில் ஒன்றியத்துக்குக் கொடுக்காத அதிகாரம் எல்லாம் நாடுகளிடமே நிற்கும்.

போலந்து நிலக்கரியை நம்பியிருக்கும் நாடு என்பதால், 'நீதிமன்றம் நிலக்கரிப் பக்கம் சாய்ந்துவிட்டது' என்று எழுதுவதும் அவசரம். ஆணையத்தின் கவலை நியாயமானதுதான். 2006 ஏப்ரலில் முதல் ஆண்டின் உமிழ்வுக் கணக்கு வெளியானபோது நாடுகள் அனுமதிகளைத் தேவைக்கு மேல் வாரி வழங்கியிருந்தது அம்பலமாகி, சில நாட்களில் சந்தையில் அனுமதியின் விலை சரிந்தது. 2007 முடிவில் அனுமதிக்கு ஏறக்குறைய விலையே இல்லை. ஆனால் கவலை நியாயமானது என்பதற்காக இல்லாத அதிகாரம் வந்துவிடாது. தீர்ப்பு சரி என்றே எனக்குப் படுகிறது.

வழக்கில் ஜெயித்ததால் போலந்துக்குக் கேட்ட அளவு கிடைத்தது என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். கிடைக்கவில்லை. 2009 டிசம்பரில் ஆணையம் புதிய காரணங்களோடு திட்டத்தை மறுபடி நிராகரித்தது. போலந்து புதுத் திட்டம் கொடுத்தது. 2010 ஏப்ரலில் அது ஏற்கப்பட்டது. அளவு அதே 20.85 கோடி. இம்முறை அதை முன்வைத்தது போலந்து.

இந்தத் தீர்ப்பை இன்றைய நிலைக்கு மேற்கோள் காட்டுவது இன்னொரு தவறு. கட்டுரைப் போட்டிகளில் அடிக்கடி தென்படுகிறது. 2009-ஆம் ஆண்டுத் திருத்தம் தேசியத் திட்டங்களையே ஒழித்தது. 2013 முதல் ஒன்றியம் முழுவதற்கும் ஒரே உச்சவரம்பு. அது ஆண்டுக்கு 1.74 சதவீதம், 2021 முதல் 2.2, 2024 முதல் 4.3 என்ற விகிதத்தில் குறைகிறது. ஆலைகளுக்கு உரிமம், அபராத வசூல் போன்றவைதான் பெரும்பாலும் நாடுகளின் கையில் மிச்சம்.

அதற்குப் பிறகு போலந்து தொடுத்த வழக்குகளைப் பாருங்கள். ஆலைகளுக்கு இலவசமாக எத்தனை அனுமதிகள் என்று கணக்கிடும் அளவீடுகளை எதிர்த்து 2013-இல் தோற்றது. சந்தையில் தேங்கும் உபரி அனுமதிகளை உறிஞ்சும் இருப்பு ஏற்பாட்டை எதிர்த்து 2018-இல் தோற்றது. எங்கள் எரிசக்தித் தேர்வைப் பெரிதும் பாதிக்கும் நடவடிக்கை இது, ஆகவே எல்லா நாடுகளும் ஒருமனதாக ஒப்ப வேண்டும் என்பது அதன் வாதம். ஒருமனது கேட்கும் அந்த விதிவிலக்கை அவ்வளவு அகலமாகப் படிக்க முடியாது என்றது நீதிமன்றம். நாடு அதே, நிலக்கரியும் அதே. மாறியது சட்டத்தின் வாசகம்.

காலக்கெடுவைக் கவனிக்காமல் விடுவதையும் சொல்ல வேண்டும். லாட்வியா திருத்திய திட்டத்தை 2006 டிசம்பரில் அனுப்பியது. ஆணையம் முடிவெடுத்தது 2007 ஜூலையில். மூன்று மாதக் கெடு திருத்திய திட்டத்துக்கும் பொருந்தும், அது கடந்தால் நாட்டின் திட்டமே நிற்கும் என்று 2011-இல் லாட்வியா ஜெயித்தது. 2013-இல் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது. கணக்குமுறை சரியா தவறா என்ற பேச்சுக்கே அந்த வழக்கில் இடம் வரவில்லை.