டெக் ஒபிசர் பரீட்சை: எங்கள் கடற்கரைப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய பிழைகள்

முல்லைத்தீவில் கரைவலை இழுக்கும் குடும்பத்தில் பிறந்த பெடியனுக்குக் காற்றைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. வாடையா, சோளகமா, கச்சானா, கொண்டலா என்று முகத்தில் பட்டதுமே சொல்லிவிடுவான். அதே பெடியன் டெக் ஒபிசர், அதாவது கப்பலைச் செலுத்தும் அதிகாரி ஆவதற்கான பரீட்சைக்குப் போனால், சார்ட் (கடல் வரைபடம்) பேப்பரில் அந்தக் காற்றிலேயே புள்ளியை விடுகிறான். நானும் விட்டவன்தான்.

காற்றுக்கு அது வருகிற திசையை வைத்துப் பெயர் சொல்கிறோம். வடக்குக் காற்று வடக்கிலிருந்து வரும். நீரோட்டத்துக்கு வினாத்தாள் கொடுப்பது அது போகிற திசையை. 'செட் 045' என்றால் தண்ணீர் வடகிழக்கை நோக்கி ஓடுகிறது. இரண்டையும் ஒரே மாதிரி எடுத்தால் கப்பலின் இடம் நேர் எதிர்ப்பக்கம் போய்விடும். லீவேயும், அதாவது காற்று கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் அளவும், அப்படித்தான். வடக்குக் காற்று, லீவே 5 பாகை, 090 இல், அதாவது நேர் கிழக்கே, போக வேண்டும் என்று கேட்டால் கப்பலைப் பிடிக்க வேண்டிய திசை 085. போட்டில் இருந்தால் எங்கள் கை தானாகவே அணியத்தைக் காற்றுப் பக்கம் கொஞ்சம் பிடிக்கும். பேப்பரில் மட்டும் 095 என்று எழுதிவிட்டு வருவோம். கணக்கைத் தொட முன்னர் காற்றுக்கு ஒரு அம்புக்குறி, நீருக்கு ஒரு அம்புக்குறி கீறிக்கொள்ளுங்கள். அரை நிமிடம்கூட ஆகாது.

அடுத்தது டிவைடர், சார்ட்டில் தூரம் அளக்கும் இருகால் கருவி. தூரத்தைச் சார்ட்டின் பக்கவாட்டில் இருக்கும் அகலாங்கு அளவில்தான், அதுவும் கப்பல் நிற்கும் அகலாங்குக்கு நேரே வைத்து அளக்க வேண்டும். அங்கே ஒரு கலை (பாகையின் அறுபதில் ஒன்று) ஒரு கடல்மைல், அதாவது 1852 மீற்றர். மேலும் கீழும் உள்ள நெட்டாங்கு அளவில் வைக்கக் கூடாது. முல்லைத்தீவு ஏறக்குறைய வடக்கு 9 பாகை 16 கலையில் இருப்பதால், இங்கே நெட்டாங்கின் ஒரு கலை சுமார் 1830 மீற்றர் வரும். வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. எங்கள் கடல் இந்தப் பழக்கத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். ஆனால் பயிற்சிக் கணக்குகளில் அடிக்கடி வருவது ஆங்கிலக் கால்வாய். 50 பாகையில் நெட்டாங்கின் ஒரு கலை 1200 மீற்றர் அளவுதான். 10 மைல் தூரத்தைப் பதினைந்தரை மைல் என்று எழுதுவீர்கள். அதோடு வேகமும் பிழை, போய்ச்சேரும் நேரமும் பிழை.

வற்றுப்பெருக்குக் கணக்கும் இதே கதை. எங்கள் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றரைத் தாண்டாது. பிரிட்டனின் ஏவன்மவுத்தில் 12 மீற்றர் அளவுக்குப் போகும். விடை 11 மீற்றர் என்று வந்ததும் 'இப்படி இருக்காதே' என்று அழித்துவிட்டு வந்த பிள்ளை ஒன்றை எனக்குத் தெரியும். முதலில் வந்த விடைதான் சரி.

காம்பஸில் விடும் பிழை இன்னும் மோசம். கப்பல் காம்பஸில் 120 நோக்கிப் போகிறது. வெளிச்சவீடு ஒன்று 250 இல் தெரிகிறது. டீவியேஷன் (கப்பலின் இரும்பால் வரும் பிழை) அட்டையில் 120 க்கு நேரே 4 பாகை கிழக்கு, 250 க்கு நேரே 3 பாகை மேற்கு. வேரியேஷன் (பூமியின் காந்தத்தால் வரும் விலகல்) 2 பாகை மேற்கு. எதை எடுப்பது? அட்டையை எப்போதும் கப்பல் நோக்கும் திசையை வைத்தே பார்க்க வேண்டும். காம்பஸை இழுப்பது கப்பலின் இரும்பு; நீங்கள் எந்தப் பக்கம் பார்க்கிறீர்கள் என்பது அந்த இரும்புக்குத் தெரியாது. ஆகவே மொத்தப் பிழை 2 பாகை கிழக்கு, உண்மைத் திசை 252. வெளிச்சவீட்டின் 250 ஐ வைத்து அட்டைக்குள் போனால் 245 வரும். 7 பாகை வித்தியாசம். வெளிச்சவீடு 8 மைல் தள்ளி இருந்தால் உங்கள் கோடு ஏறக்குறைய ஒரு மைல் விலகிப் போய் நிற்கும்.

ஓரலில் (வாய்மொழிப் பரீட்சை) பெரும்பாலும் மோதல் தடுப்பு விதிகள்தான் ஆளை விழுத்தும். பாடமாக்கி ஒப்புவித்தால் போதாது. 'மீன்பிடிக் கலத்துக்கு எல்லாரும் வழிவிட வேண்டும்' என்று எங்கள் பிள்ளைகள் சந்தோசமாகச் சொல்வார்கள். விதியில் உள்ளது வேறு. கலத்தைத் திருப்ப முடியாதபடி கட்டிப்போடும் வலையோ கயிறோ கடலில் கிடந்தால்தான் அது மீன்பிடிக் கலம். தூண்டிலை இழுத்துக்கொண்டு ஓடும் போட் இதில் சேராது. மீனை ஏற்றிக்கொண்டு கரைக்குத் திரும்பும் போட்டும் சேராது, அது வெறும் இயந்திரக் கலம். அப்புறம் மூட்டம். 11 முதல் 18 வரையான விதிகள் கண்ணால் ஒன்றையொன்று காணும் கலங்களுக்கு மட்டும். மூட்டத்தில் ராடரில் மட்டும் தெரிகிற கப்பலுக்கு 19 ஆம் விதி. அங்கே 'நான் நேரே போகலாம், அவன் விலகட்டும்' என்ற உரிமை யாருக்கும் இல்லை. பரீட்சகர் 'மூட்டம்' என்று சொன்ன அந்த ஒரு சொல்லைக் காதில் வாங்காமலே, குறுக்கே வரும் கலங்களுக்கான 15 ஆம் விதியைச் சொல்லத் தொடங்குவது வழக்கமான விழுகை.

கப்பல் கவிழாமல் நிற்பதைப் பற்றிய ஸ்திரத்தன்மைப் பாடத்தில் ஒன்று மட்டும் சொல்கிறேன். கப்பலின் சொந்தக் கிரேன் ஒரு பாரத்தைத் தூக்கிய அந்தக் கணமே அதன் எடை கிரேனின் நுனியில் தொங்குவதாகக் கணக்கில் எடுக்க வேண்டும். பாரம் தரையிலிருந்து அரை அடிதான் எழும்பியது என்று நினைக்காதீர்கள்.

கடதாசி வேலைக்கு வருவோம். அப்பாவோடு பத்து வருடம் கடலுக்குப் போயிருந்தாலும் அது கடற்சேவையாக எண்ணப்படாது. மாலுமிகளின் பயிற்சிக்கும் சான்றிதழுக்குமான எஸ்.டி.சி.டபிள்யூ. உடன்படிக்கை மீன்பிடிக் கலங்களுக்குப் பொருந்தாது. அங்கீகரித்த பயிற்சியோடு குறைந்தது 12 மாதக் கடற்சேவை வேண்டும், அதில் 6 மாதம் பிரிட்ஜில் (கப்பலைச் செலுத்தும் மேடை) மேற்பார்வையின் கீழ் காவல் (வாட்ச்) கடமை. அந்தப் பயிற்சி இல்லாவிட்டால் 36 மாதம். பயிற்சிப் பதிவேட்டைக் கப்பலை விட்டு இறங்குகிற கடைசிக் கிழமையில் ஒரே பேனாவால் நிரப்பாதீர்கள். பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

இடம்பெயர்வில் பிறப்புச் சான்றிதழ் தொலைந்து, பிறகு எடுத்த பிரதியில் பெயரின் ஆங்கில எழுத்து மாறிப்போன பிள்ளைகள் வன்னியில் நிறையப் பேர். அடையாள அட்டை, கடவுச்சீட்டு, பாடசாலைச் சான்றிதழ் மூன்றையும் இப்போதே பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னுமொன்று, பணம் கட்ட முன்னர் நிறப் பார்வையைச் சோதியுங்கள். கண்ணாடி போடுவது பிரச்சினை இல்லை. சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாவிட்டால் டெக் பக்கம் போக முடியாது. தோட்டத்தை ஈடு வைத்து கோர்ஸுக்குக் கட்டிய பிறகு இதை அறிந்துகொண்ட தம்பி ஒருவன், இப்போது புதுக்குடியிருப்பில் போட் எஞ்சின் திருத்துகிறான்.