பால் பாக்க நல்லாத்தான் இருக்கு, உள்ள மடிநோய் இருக்கான்னு எப்படி கண்டுபுடிக்கறது?

கடலூர், பாகூர் பக்கமெல்லாம் ஐப்பசி மழை புடிச்சா மாட்டுக்கொட்டாய் முழுக்க சேறுதான், மாடு அதுலயே படுக்கும், மடிநோய்க்கு அது போதும். மடி வீங்கி பால் திரிதிரியா வந்தா யாருக்கும் தெரிஞ்சிடும். ஆனா நெறைய மாட்டுல வெளிய ஒண்ணுமே தெரியாது, பால் மட்டும் கொஞ்சம் கொஞ்சமா கொறையும், நாம தீவனத்த கொற சொல்லிட்டு இருப்போம்.

தெனம் கறக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு காம்புலயும் மொத ரெண்டு மூணு பீச்ச கருப்புத்துணி கட்டின டம்ளர்ல விட்டு திரி இருக்கான்னு பாருங்க. தரையில பீச்சாதீங்க, கிருமி பரவும்.

மாசம் ஒரு தடவ சர்ஃப் டெஸ்ட் பண்ணுங்க. அரை லிட்டர் தண்ணியில 15 கிராம் சலவைத்தூள கரைச்சு வச்சுக்கிட்டு, நாலு காம்புக்கும் நாலு கிண்ணம் தனித்தனியா வச்சு, பால் எவ்ளோ ஊத்தறீங்களோ அதே அளவு கரைசல் ஊத்தி ஒரு நிமிஷம் மெதுவா சுத்துங்க. தண்ணியாவே ஓடினா நல்லது, வெண்டைக்கா கொழகொழப்பு மாதிரி இழுத்தா அந்த காம்புல நோய் இருக்கு. கிருமிய எதுக்க வர்ற வெள்ளணு பால்ல கூடிடும், சோப்பு அத ஒடைக்கும்போது உள்ள இருக்கற டிஎன்ஏ வெளிய வந்து கெட்டியாக்குது, அவ்ளோதான். சிஎம்டி (கலிஃபோர்னியா மடிநோய் டெஸ்ட்) கிட் வாங்கினா இன்னும் தெளிவா தெரியும், 10 செகண்ட்ல பாத்துடலாம். கன்னு போட்ட புதுசுலயும் பால் வத்தற சமயத்துலயும் நல்ல மாட்டுக்கே நாலு காம்பும் கெட்டி காட்டும், அத வச்சு பயந்துடாதீங்க.

எந்த கிருமின்னு லேப்லதான் தெரியும். தயவுசெஞ்சு ஊசி போடறதுக்கு முன்னாடியே சாம்பிள் எடுத்துடுங்க, போட்டப்பறம் எடுத்தா கிருமி வளராம ரிசல்ட் ஏமாத்திடும். கைய கழுவி, காம்ப தொடச்சு காய விட்டு, ஸ்பிரிட் பஞ்சால நுனிய பஞ்சு அழுக்கில்லாம வர்ற வரைக்கும் தேய்ங்க. தொடைக்கும்போது தூரத்து காம்பு மொதல்ல, பால் எடுக்கும்போது கிட்டத்து காம்பு மொதல்ல, இல்லன்னா தொடைச்ச காம்புலயே கை படும். மொத பீச்ச விட்டுட்டு, ஸ்டெரைல் பாட்டில சாய்ச்சு புடிச்சு கொஞ்சம் எடுத்து உடனே மூடி, எந்த காம்புன்னு எழுதி ஐஸ்ல வச்சு அன்னிக்கே கொண்டு போங்க. புதுச்சேரிக்காரங்களுக்கு குரும்பாபேட்டுல கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, கடலூர்காரங்க உங்க ஊர் மாட்டு டாக்டர்கிட்ட எங்க அனுப்பணும்னு கேட்டுக்குங்க. எந்த மருந்துக்கு கிருமி அடங்கும்னு பாக்கற டெஸ்டும் சேத்து கேளுங்க.

ஒரு தடவ கிருமி இல்லன்னு வந்து, சர்ஃப் டெஸ்ட்ல இன்னமும் கொழகொழன்னு இருந்தா மறுபடி சாம்பிள் குடுங்க, மடிநோய் தர்ற ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ்ங்கற கிருமி எல்லா நாளும் பால்ல வராது. அது வரைக்கும் அந்த மாட்ட கடைசியா கறங்க.