செட்டிநாட்டில் சைக்கிள்: பஸ் குறைந்த ரோடாகப் பாருங்கள்

காரைக்குடியில் எங்களுக்குச் சைக்கிள் கடை, அப்பா காலத்திலிருந்து. வெளியூரிலிருந்து சைக்கிளோடு வருகிறவர்கள் காற்று அடிக்க நிற்கும்போது கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணே, லாரி இல்லாத ரோடு எது?"

அதற்கு நான் பார்ப்பது பஸ் கணக்கு. பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் போகிற ரோட்டில் சைக்கிளை இறக்காதீர்கள். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, பொழுதுசாய ஒன்று என்று டவுன் பஸ் வந்துபோகிற ரோடு இருக்கிறதே, அதுதான் உங்களுக்கானது. பஸ் வருவதால் தார் போட்டிருப்பார்கள், நிறுத்தத்தில் ஒரு டீக்கடையாவது இருக்கும். பஸ்ஸே எட்டிப் பார்க்காத ரோடு சில நேரம் கண்மாய்க் கரையில் போய் முடிந்துவிடும். சந்தேகமென்றால் டீக்கடையில் "அடுத்த பஸ் எப்போ?" என்று கேளுங்கள். "இப்பதான் போச்சு, இனி சாயங்காலந்தான்" என்று பதில் வந்தால் தாராளமாகப் போகலாம்.

செல்போன் மேப் சொல்கிறபடி போனால் திருமயத்திலிருந்து தேவகோட்டை ரஸ்தா என்கிற ஊர் வரைக்கும் தேசிய நெடுஞ்சாலையிலேயே ஏற்றிவிடும். திருச்சி – ராமநாதபுரம் போக்குவரத்து முழுக்க அதில்தான். அந்த ரோட்டைக் குறுக்கே கடப்பதோடு வைத்துக்கொள்ளுங்கள். மேலூர் ரோடும் அப்படித்தான்.

முதல்முறை வருகிறவர்களுக்கு நான் சொல்வது கானாடுகாத்தானில் தொடங்கும் சுற்று. அன்று செட்டிநாடு ஸ்டேஷனில் நிற்கிற ரயில் கிடைத்தால் அங்கேயே இறங்கிக்கொள்ளலாம். ஊருக்குள் முதலில் ஒரு வட்டம் அடியுங்கள். தெருக்கள் நேர்க்கோட்டில் கிடக்கும். ஒரு வீட்டின் முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலும் இருக்கும். பாதி வீடுகள் பூட்டித்தான் கிடக்கின்றன. காவலுக்கு இருக்கிற பெரியவரிடம் முறையாகக் கேட்டால் வளவு (உள்முற்றம்) வரை விடுவார். கேட்காமல் திண்ணையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் படம் எடுப்பவர்களால்தான் மற்றவர்களுக்கும் கதவு அடைபடுகிறது.

அங்கிருந்து நெடுஞ்சாலையைக் கடந்து மேற்கே ஆத்தங்குடி, பத்துக் கிலோமீட்டர் போல. செம்மண், தைலமரக் காடு, நடுநடுவே கண்மாய். ஏற்றம் என்று சொல்ல எதுவும் கிடையாது, கியர் இல்லாத சைக்கிளே போதும். ஆத்தங்குடியில் பெரிய வீட்டைக் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டுகிறார்கள். அதைவிட, தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் போடுகிற பட்டறை ஒன்றில் அரை மணி நேரம் நின்று பாருங்கள் என்பேன். கண்ணாடித் தட்டின் மேல் தகர அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் வேறு வேறு சாயக் கலவையைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் பூ அப்படியே நிற்கும். அதன்மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, கலவை போட்டு அழுத்திவிடுவார்கள். சூளையே கிடையாது. காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு எடுப்பதுதான். அந்தப் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருவது. சைக்கிள் ஷூவுக்கு அடியில் இரும்புக் கட்டை வைத்திருப்பவர்கள் எந்த வீட்டுக்குள் போனாலும் அதை வாசலிலேயே கழற்றிவிடுங்கள், அந்தத் தரை கீறல் தாங்காது.

ஆத்தங்குடியிலிருந்து தெற்கே இறங்கினால் பலவான்குடி வழியாகக் குன்றக்குடி. படியேறி சண்முகநாதரைப் பார்த்துவிட்டு வரலாம், கீழே குடைவரைகளும் உண்டு. பிள்ளையார்பட்டி அங்கிருந்து கூப்பிடு தூரம். திரும்பும்போது மெயின் ரோட்டை விட்டுவிட்டு மாத்தூர், இலுப்பைக்குடி வழியாகக் காரைக்குடி வந்துவிடுங்கள். நகரத்தார் என்கிற செட்டியார்களின் ஒன்பது கோயில்களில் இரண்டு இந்த ஊர்களில்தான். ஒன்பது கோயில்களையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று சிலர் புறப்படுகிறார்கள். கார்க்காரர் செய்கிற வேலை அது. நடை சாத்துவதற்குள் அடுத்த கோயிலைப் பிடிக்க வேண்டுமே என்று மிதித்தால் ரோட்டைப் பார்க்க மாட்டீர்கள். மொத்தச் சுற்றும் நாற்பது கிலோமீட்டரை ஒட்டி வரும்.

நாள் பார்த்து வாருங்கள். மார்கழி முதல் மாசி வரை நல்ல காலம்தான், ஆனால் அதற்குள்ளேயே சில சங்கதிகள் இருக்கின்றன. தைப்பூசத்துக்கு முந்திய நாட்களில் பழனிக்கு நடக்கிறவர்கள் குன்றக்குடி ரோடு முழுக்க இருப்பார்கள். காவடி வருகிற வழியில் மணி அடித்துக்கொண்டு போகக்கூடாது. இறங்கி உருட்டுங்கள், யாராவது மோர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். பொங்கலை ஒட்டி சிராவயல் மஞ்சுவிரட்டு நாளில் அந்தப் பக்கமே தலைவைக்க வேண்டாம். மாடு எந்த வயலிலிருந்து எந்த ரோட்டுக்கு ஏறும் என்று அதற்கே தெரியாது. அறுப்புக் காலத்தில் ரோட்டிலேயே கதிரைப் பரப்பியிருப்பார்கள். அதன்மேல் ஏற்றினால் வைக்கோல் ப்ரீவீலில் சுற்றிக்கொள்ளும், பிரித்தெடுக்க விரல் நோகும். சித்திரை, வைகாசியில் வருவேன் என்று அடம்பிடித்தால் விடியுமுன் புறப்பட்டு ஒன்பதரைக்குள் நிழலுக்கு வந்துவிடுங்கள்.

அப்புறம், பஞ்சர். இங்கே சைக்கிளுக்கு எமன் சீமைக்கருவேல முள்தான். கண்மாயை ஒட்டிய ரோட்டில் விறகு வெட்டி ஏற்றிய இடங்களில் முள் சிதறிக் கிடக்கும். முள் குத்தியது தெரிந்ததும் பட்டென்று பிடுங்காதீர்கள். அது இருக்கிற வரை காற்று மெதுவாகத்தான் இறங்கும், நிழல் வரைக்குமாவது போய்ச் சேரலாம். அங்கே டயரைக் கழற்றி, டியூபை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, டயரின் உள்பக்கம் முழுக்க ஒரு பழைய துணியால் துடைத்துக்கொண்டே வாருங்கள். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே முள்முனை இருக்கிறது. விரலைவிட்டுத் தடவினால் விரல்தான் கிழியும். முனை உள்ளேயே ஒடிந்திருந்தால் வெளியிலிருந்து இழுக்க முடியாது. உள்ளிருந்து நோஸ் பிளேயரால் பிடித்து எடுக்க வேண்டும். ஒன்று எடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள், முழு வட்டமும் துடையுங்கள். கடைக்கு வருகிற இரண்டாவது பஞ்சரில் பாதி, முதல் பஞ்சரில் எடுக்காமல் விட்ட முள்ளால் வருவது. ஓட்டையைக் கண்டுபிடிக்கத் தண்ணீர் வேண்டுமென்று ஊருணியில் டியூபை முக்கிவிடாதீர்கள். பல ஊர்களில் அது குடிதண்ணீர், பார்த்தால் சண்டைக்கு வருவார்கள், வர வேண்டியதுதான். பாட்டில் தண்ணீரைக் கையில் நனைத்துத் தடவினாலே குமிழி தெரியும். உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காய்கிற வரை பொறுத்துப் பிறகு ஒட்டுங்கள். அவசரத்தில் ஈரமாக ஒட்டினால் அடுத்த ஊர் வரை தாங்காது. டயர் கொஞ்சம் அகலமாக, 35 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். கிராவல் ரோட்டில் சறுக்காமல் இருக்கவும் அது உதவும்.

நாய்க்குப் பயந்து வேகமாக மிதிக்க வேண்டாம். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் அது குரைத்துவிட்டுப் படுத்துவிடும்.

மலையும் கடலும் வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு பக்கம் இருக்கிறது. மேற்கே சிங்கம்புணரியைத் தாண்டிப் பிரான்மலை, பாரியின் பறம்பு என்று சொல்கிற மலை. அடிவாரத்தில் கொடுங்குன்றநாதர் கோயில், உச்சியில் தர்கா. சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு நடந்துதான் ஏற வேண்டும். கிழக்கே தொண்டிக் கடற்கரை. காரைக்குடியிலிருந்து அரியக்குடி பக்கமாக இறங்கி, தேவகோட்டை ரஸ்தாவை ஒட்டி மட்டும் கொஞ்ச தூரம் நெடுஞ்சாலையைப் பொறுத்துக்கொண்டு, தேவகோட்டை, திருவாடானை, தொண்டி. தேவகோட்டையில் ராத்தங்கிவிட்டு விடிகாலையில் கிளம்பினால் நிதானமாகப் போகலாம். திருவாடானைப் பக்கம் நெல் வயல்தான் கண்ணுக்கெட்டிய தூரம். நிழலைத் தேடாதீர்கள், தொப்பி போட்டுக்கொள்ளுங்கள். திருவாடானைக்கு அப்புறம் வருகிற ரோடு மதுரையிலிருந்து வருவது, வண்டி வரும், ஓரமாகவே போங்கள். தொண்டியில் கடல் பாக் விரிகுடா, பெரிய அலை இருக்காது.

இந்த வழியில் கவனிக்க வேண்டியது காற்று. ஆடியில் மேல்காற்று முதுகைத் தள்ளும், மிதிக்காமலே தொண்டி போய்ச் சேர்ந்த மாதிரி இருக்கும். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் அறையும். மார்கழி, தையில் நேர்மாறு, போகும்போது வாடைக்காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். எந்த மாதமானாலும் எதிர்காற்றுள்ள பாதியை விடிகாலையில் வைத்துக்கொள்ளுங்கள், வெயில் ஏறிய பிறகுதான் காற்றும் ஏறும். அதாவது ஆடியில் தொண்டியில் ராத்தங்கி மறுநாள் இருட்டோடு திரும்புவது உத்தமம். அதற்கு மனசில்லை என்றால் திரும்புகாலில் காலியாக வருகிற குட்டியானை (சின்ன லோடு வண்டி) எதுவும் இருக்கிறதா என்று கடைத்தெருவில் விசாரியுங்கள். வாடகையை ஏற்றும்போதே பேசிவிடுங்கள். ஹேண்டில்பாரைத் திருப்பி, செயின் பக்கம் மேலே இருக்கும்படி படுக்கவைத்துக் கயிறு போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் வீடு வந்து சேரும்போது டிரெய்லியர் (கியருக்குச் செயினை மாற்றிவிடுகிற பாகம்) கோணியிருக்கும்.