வயல் களியில் சாயம் ஒட்டியதா? எஃப்.டி.ஐ.ஆரில் (அகச்சிவப்பு நிறமாலைக் கருவியில்) பார்ப்பது எப்படி

மன்னார்குடி, நன்னிலம் பக்கம் கோடையில் வயல் பாளம் பாளமாக வெடிக்கும், மழை விழுந்ததும் மூடிக்கொள்ளும். ஈரத்தில் உப்பும் மான்ட்மோரில்லோனைட் வகைக் களியின் வேலை அது. அதன் அடுக்குகளில் எதிர்மின் சுமை இருப்பதால் மெத்தில் ஆரஞ்சு போன்ற எதிர்மின் சாயம் அண்டாது. அண்ட வைக்கத்தான் சி.டி.ஏ.பி. (செட்டில்டிரைமெத்தில்அம்மோனியம் புரோமைடு) சேர்க்கிறோம்: 16 கார்பன் வாலுள்ள நேர்மின் உப்பு.

முதலில் களியைப் பிரிக்க வேண்டும். வேர், கல் நீக்கி, மண்ணை நீரில் நன்றாகக் கலக்கி 8 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அதற்குள் 2 மைக்ரானை விடப் பெரிய துகள்கள் 10 செ.மீ.க்குக் கீழே இறங்கிவிடும். மேலே உள்ள 10 செ.மீ. கலங்கலை மட்டும் உறிஞ்சி உலர்த்துங்கள். வேதாரண்யம் பக்கத்து உப்பு மண் என்றால் களி திரண்டு சட்டென்று அடியில் போய்விடும். உப்புப் போகக் கழுவிவிட்டுத் தொடங்குங்கள்.

அடுத்தது சி.டி.ஏ.பி. சேர்ப்பது. களியின் அயனிப் பரிமாற்றத் திறனுக்கு (களி எவ்வளவு நேர்மின் அயனியைப் பிடிக்கும் என்ற அளவுக்கு) சமமாகப் போட்டால் போதாது. கொஞ்சம் கூடுதலாகப் போட்டால்தான் பரப்பு நேர்மின்னாக மாறும். வெதுவெதுப்பான நீரில் கலக்கி, வடிநீரில் சில்வர் நைட்ரேட் விட்டால் கலங்காத வரை கழுவுங்கள். பிறகு சாயக் கரைசலில் ஊறவைத்து, கழுவி, உலர்த்தலாம்.

எஃப்.டி.ஐ.ஆரில் வைக்க மாதிரியை வில்லையாக அழுத்த வேண்டும். அதற்கு 1 மி.கி. மாதிரிக்குச் சுமார் 200 மி.கி. பொட்டாசியம் புரோமைடு. ஐப்பசி, கார்த்திகையில் இது பெரும் தொல்லை: காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு நிறமாலையில் 3430, 1635 செ.மீ⁻¹ (அலை எண்) அருகே தண்ணீர்ப் பட்டையை, அதாவது தண்ணீர் ஒளியை உறிஞ்சும் தடத்தை, ஏற்றிவிடும். அடுப்பில் உலர்த்தி, டெசிகேட்டரிலிருந்து (ஈரம் புகாத மூடு கலத்திலிருந்து) எடுத்த உடனே அரைத்து அழுத்துங்கள்.

இப்போது நிறமாலை. வெறும் களியில் 3620 அருகே ஹைட்ராக்சில், 1030 அருகே சிலிக்கான்–ஆக்சிஜன் பட்டை இருக்கும். சி.டி.ஏ.பி. ஏறினால் 2920, 2850-இல் இரண்டு கூர்முனைகள் புதிதாக எழும். சாயத்தின் சல்போனேட்டை 1040 பக்கம் தேடாதீர்கள்; சிலிக்கான் பட்டை அதை விழுங்கிவிடும். 1600, 1520, 1370 பகுதிதான் வெளிச்சமான இடம்.

சாயத்தின் பட்டை தெரிந்ததும் 'பரப்புக் கவர்தல் நடந்தது', அதாவது சாயம் களியின் பரப்பில் ஒட்டியது, என்று பலர் எழுதிவிடுகிறார்கள். சாயத்தூளையும் மாற்றிய களியையும் உலர்வாகக் கலந்தாலே அந்தப் பட்டை வருமே! அந்தக் கலவையையும் ஒரு வில்லையாகப் போட்டுப் பாருங்கள். ஊறவைத்த மாதிரியில் பட்டை இடம் நகர்ந்தோ அகன்றோ இருந்தால் சாயம் பரப்போடு பிணைந்திருக்கிறது என்பதற்கு அது நல்ல தடயம். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தால் எஃப்.டி.ஐ.ஆர். மட்டும் போதாது, கரைசலின் நிறம் எவ்வளவு குறைந்தது என்று கலரிமீட்டரில் அளந்து சேர்த்துக் காட்டுங்கள்.