சோழர் காலக் கதையில் பேயை உலவவிடுவது எப்படி

பேயும் பூதமும் வரும் சரித்திர நாவல் எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் மாயத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். கண்ணால் எரிக்கும் சாமியார், பேசும் வாள், நிலவறையில் நாகம். இவ்வளவையும் யோசித்து முடித்த பிறகு, எந்த அரசன் காலத்தில் வைக்கலாம் என்று தேடுவார்கள். அப்படிச் செய்தால் சோழனை எடுத்துவிட்டுப் பாண்டியனைப் போட்டாலும் கதை அசையாது. வரிசையைத் திருப்புங்கள். முதலில் ஓர் ஆண்டு. அந்த ஆண்டில் ஆவணங்கள் சொல்லாமல் விட்ட ஓர் இடம். மாயம் அந்த இடத்துக்குள் மட்டும்.

ஆதித்த கரிகாலன் கொலை இப்படி ஓர் இடம்தான். ஆனால் அங்கே ஏற்கெனவே கூட்டம் அதிகம். 1070-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வீரராசேந்திரன் இறக்கிறான். மகன் அதிராசேந்திரன் தனியாக ஆண்டது சில மாதங்கள்தான், அவனும் இறக்கிறான். அடுத்து அரியணையில் இருப்பவன் முதலாம் குலோத்துங்கன். தந்தை வழியில் கீழைச் சாளுக்கியன், தாய் வழியில் இராசேந்திர சோழனின் பேரன். அதிராசேந்திரன் எப்படி இறந்தான்? மேலைச் சாளுக்கிய அரசன் ஆறாம் விக்கிரமாதித்தனைப் புகழ்ந்து பில்கணர் பாடிய வடமொழிக் காவியம், கலகத்தில் கொல்லப்பட்டான் என்கிறது. விக்கிரமாதித்தன் அதிராசேந்திரனின் சகோதரியை மணந்த மைத்துனன், ஆகவே அது ஒரு கட்சிக்காரரின் சாட்சி. ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த முடிவில்லை. நாவலாசிரியருக்கு வேண்டியது இதுதான்: முடிவு உறுதி, காரணம் இருட்டு.

முடிவைத் தொடாதீர்கள். உங்கள் நாவலிலும் அதிராசேந்திரன் அந்த ஆண்டில்தான் சாக வேண்டும், குலோத்துங்கன்தான் முடிசூட வேண்டும். மாயம் காரணத்துக்குள் நுழையலாம், விளைவை மாற்றக்கூடாது.

அடுத்தது, எந்தப் பேய்? வெளியிலிருந்து இறக்குமதி தேவையில்லை. குலோத்துங்கனின் கலிங்கப் போரைப் பாடும் கலிங்கத்துப்பரணியைப் பேய்களுக்காக ஒருமுறை படியுங்கள். அவை பாலை நிலத்துக் காளி கோயிலில் பசியோடு கிடக்கின்றன. பசி தீர ஒரே வழி போர். போர் முடிந்ததும் களத்தில் யானைத் தந்தம் உலக்கையாகிறது, செத்த வீரரின் பல் அரிசியாகிறது, கூழ் கொதிக்கிறது. இமயத்துக்குப் போய் இந்திரசாலம் கற்று வந்த கிழப்பேயும் உண்டு. இதில் ஒரு மாய ஒழுங்கே தயாராக இருக்கிறது: பேய்க்குப் பசி, பசிக்குப் போர், போருக்கு ஓர் அரசன். யார் முடிசூடினால் களம் நிறையும் என்று பேய்கள் கணக்குப் போட்டால், 1070-இல் அவற்றுக்கும் ஒரு கட்சி உண்டு. கலிங்கப் போர் நடப்பது 1110 வாக்கில். நாற்பது ஆண்டு காத்திருக்கும் பசி என்பது நல்ல கதைப்பொருள்.

இதன் பிறகு மாயத்துக்கு ஒரு பக்க விதிப்பட்டியல் எழுதுங்கள். ஒரு பக்கத்தைத் தாண்டினால் நீங்களே மறப்பீர்கள். நான்கு கேள்விகள் போதும்: யாருக்கு முடியும், எவ்வளவு தூரம் எட்டும், என்ன விலை, எப்போது பலிக்காது. பழைய காப்பியங்கள் இதில் நம்மைவிடக் கறாரானவை. சிலப்பதிகாரத்துப் புகாரில் நிற்கும் சதுக்கப் பூதத்தின் குரல் நான்கு காதம் கேட்கும். அது பிடித்துத் தின்பவர்கள் யார் யார் என்பதும் வரையறுக்கப்பட்டிருக்கிறது: போலித் துறவிகள், கள்ள ஒழுக்கமுள்ள பெண்டிர், அரசனுக்கு வஞ்சகம் செய்யும் அமைச்சர், பிறன்மனை விரும்புவோர், பொய்ச்சாட்சி சொல்வோர், புறங்கூறுவோர். தூரம் உண்டு, இலக்கு உண்டு. வழிப்போக்கனைக் கண்டபடி அறைவதில்லை.

விலைக்கு மணிமேகலையைப் பாருங்கள். அவளுக்குக் கிடைப்பவை மூன்று மந்திரங்கள்: வேற்றுரு எடுக்க, வான்வழி செல்ல, பசி தாங்க. தன்னை விரும்பித் தொடரும் இளவரசன் உதயகுமரனிடமிருந்து தப்ப அவள் காயசண்டிகை என்ற பெண்ணின் உருவை எடுக்கிறாள். அந்த உருவில் அவள் இளவரசனோடு பேசுவதைக் காயசண்டிகையின் கணவன் பார்த்துவிட, உதயகுமரன் வெட்டுப்பட்டுச் சாகிறான், மணிமேகலை சிறைக்குப் போகிறாள். மந்திரம் தவறாமல் பலித்தது, அதனாலேயே கொலை நடந்தது. சக்தி தீர்ந்து நாயகன் மயங்கி விழுவதெல்லாம் இதன் முன் மிக மலிவான விலை.

விதி எழுதியதும் ஒரு சோதனை. 1054-இல் கொப்பம் போரில் சோழ அரசன் இராசாதிராசன் யானை மீதிருந்தபடியே இறந்தான். உங்கள் உலகில் மந்திரம் உயிர்காக்கும் என்றால் அன்று ஏன் காக்கவில்லை? ஒரு மந்திரவாதி எதிரியைத் தூரத்திலிருந்தே கொல்வான் என்றால் சோழனுக்கு யானைப்படை எதற்கு? வாசகர் கட்டாயம் கேட்பார். பதில் விதிப்பட்டியலில் இல்லையென்றால் மந்திரத்தைக் குறையுங்கள், விளக்கத்தைக் கூட்டாதீர்கள்.

மாந்திரீகர்களைப் படைக்கும்போதும் ஒரு கண் வேண்டும். காளாமுகர் என்ற சைவப் பிரிவினர் என்றாலே சுடுகாடு, கபாலம், நரபலி என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. கொடும்பாளூர் மூவர் கோயிலைக் கட்டிய பூதி விக்கிரமகேசரி காளாமுக ஆசாரியருக்கு மடம் அளித்ததைக் கல்வெட்டே சொல்கிறது. அவர்கள் அரச ஆதரவோடு மடம் நடத்தியவர்கள். சுடுகாட்டில் மறைந்து திரிபவனைவிடக் கோயில் வரவு செலவு பார்க்கிற மந்திரவாதி அதிகம் பயமுறுத்துவான். நவகண்டச் சிற்பங்களும் அப்படித்தான். தன் தலையைத் தானே கொற்றவைக்குக் கொடுக்கும் வீரன் அதில் நிற்கிறான். கழுத்தறுக்கப்பட்ட பலியாடாக அவனைக் காட்டினால் அந்த நம்பிக்கையின் முதுகெலும்பு முறிந்துவிடும்.

பேயை நம்ப வைப்பது பேயைச் சுற்றியுள்ள சோறும் தூரமும்தான். கண்ணேறு கழிக்க மிளகாய் சுற்றும் காட்சியைப் படித்ததுமே வாசகர் புத்தகத்தை மூடலாம். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, கொய்யா, முந்திரி, புகையிலை எல்லாம் 1498-க்குப் பிறகு ஐரோப்பியர் கப்பல்களால் வந்தவை. காரத்துக்கு மிளகு. இரவைக் கணக்கிட ஜாமம்: ஒன்றுக்கு ஏழரை நாழிகை, அதாவது 3 மணி நேரம். நாழிகைக்கு 24 நிமிடம். பேய் வரும் நள்ளிரவு இரண்டாம் ஜாமத்தின் முடிவு. அரசனைத் தஞ்சையில் உட்கார வைத்துவிடாதீர்கள். 1070-இல் தலைநகர் கங்கைகொண்ட சோழபுரம். அங்கிருந்து காஞ்சி ஏறத்தாழ 200 கிலோமீட்டர். மாட்டுவண்டி நாளுக்கு 20 முதல் 25 கிலோமீட்டர் போனால் எட்டு முதல் பத்து நாள். தூதன் மறுநாள் காலையில் வந்து நின்றால் அவனையும் பேயென்றே எண்ணுவார்கள்.

சொற்களில் வரும் பிழை இன்னும் நுணுக்கமானது. ஜன்னல், சாவி, அலமாரி, மேசை போர்த்துகீசியம் வழி வந்தவை. சிப்பாய், கைதி, தயார், மைதானம் பாரசீகம், அரபு வழி. பேச்சில் சாளரம், திறவுகோல், ஆயத்தம் என்று மாற்றுங்கள். கதைசொல்லியின் குரலில் இவ்வளவு கெடுபிடி வேண்டாம். எல்லா வரியையும் செந்தமிழாக்கினால் நாடக மேடை வந்துவிடும்.

எழுதத் தொடங்கும் முன் நான்கு பத்திகள் கொண்ட ஒரு தாள் போடுங்கள்: ஆண்டு, ஆவணம் சொல்வது, அந்த ஊரார் நம்புவது, பேய் உண்மையில் செய்வது. மூன்றாவதும் நான்காவதும் எப்போதும் ஒன்றாக இருந்தால் கதையில் திருப்பமே வராது. ஊர் வேறொன்றை நம்ப வேண்டும். ஆவணப் பத்தியில் கிறிஸ்தவ ஆண்டோடு ஆட்சியாண்டையும் எழுதுங்கள். கல்வெட்டில் இருப்பது அதுதான். பட்டப்பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சோழர் இராசகேசரி, பரகேசரி என்று மாறி மாறிச் சூட்டிக்கொண்டார்கள்: அதிராசேந்திரன் பரகேசரி, குலோத்துங்கன் இராசகேசரி.

80,000 சொல் நாவலென்றால் அமானுஷ்யத்தின் முதல் தடயம் மூன்றாம் அத்தியாயத்துக்குள் வந்துவிட வேண்டும். பாதியில் திடீரென்று பேய் வந்தால் வாசகர் ஏமாற்றப்பட்டதாக உணர்வார். முழு உருவில் தோன்றும் காட்சி ஆறோ ஏழோ போதும். மற்ற இடங்களில் வாசனை, ஒலி, கால்தடம். முதல் வரைவு முடிந்ததும் பேய் வரும் ஒவ்வொரு காட்சியிலும் பேயை அடித்துவிட்டுப் படியுங்கள். காட்சி அப்படியே நின்றால் அங்கே பேய் வெறும் அலங்காரம், அடித்தது அடித்ததாகவே இருக்கட்டும். பிறகு அதே காட்சியை ஐந்நூறு ஆண்டு தள்ளி, நாயக்கர் காலத்தில் வைத்துப் பாருங்கள். எதுவும் இடறவில்லையென்றால் அங்கே சோழர் காலமே இல்லை, அந்தக் காட்சியை மீண்டும் எழுதுங்கள்.

நூலின் கடைசியில் இரண்டு பக்கம் ஒதுக்கி, எது கல்வெட்டு, எது காப்பியம், எது உங்கள் கற்பனை என்று பிரித்துச் சொல்லிவிடுங்கள். நாவலில் படித்ததை வரலாறு என்று மேடையில் பேசுகிறவர்கள் நம்மிடையே நிறைய.