ஸ்டென்ட் வைத்த பிறகு மாத்திரையில் நடக்கும் தவறுகள்

"அடைப்பை எடுத்தாச்சு, வலியும் இல்லை, இன்னும் எதுக்கு இத்தனை மாத்திரை?" ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களில் பலர் இரண்டாம் மாதமே இப்படிக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். சிலர் கேட்காமலே நிறுத்திவிடுவார்கள். இதைவிட ஆபத்தான தவறு வேறில்லை.

ஸ்டென்ட் என்பது இதய ரத்தக்குழாயை அடைபடாமல் திறந்து வைக்கும் ஓர் உலோக வலை. ரத்தக்குழாயின் உள்சவ்வு வளர்ந்து அதை மூடும்வரை ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் அதன்மேல் ஒட்டி ரத்தக்கட்டியாகலாம். மருந்து பூசிய ஸ்டென்ட்டில் சவ்வு வளர்வது இன்னும் தாமதமாகும். பழைய அடைப்பு வருடக்கணக்கில் வளர்ந்தது; இந்தக் கட்டியோ திடீரென்று குழாயை அடைத்து மாரடைப்பைக் கொண்டுவரும். அதைத் தடுக்கத்தான் ஆஸ்பிரினுடன் க்ளோபிடோக்ரல், டிகாக்ரெலார், பிரசுக்ரெல் ஆகியவற்றில் ஒன்றையும் சேர்த்துத் தருகிறார்கள். மாரடைப்பு வந்து வைத்தவர்களுக்கு வழக்கமாக 12 மாதம், மற்றவர்களுக்கு 6 மாதம். ரத்தக்கசிவு பயம் இருந்தால் டாக்டரே குறைப்பார். அதன் பிறகும் ஒரு மாத்திரை, பெரும்பாலும் ஆஸ்பிரின், தொடரும்.

அடுத்தது பல் பிடுங்கும் விவகாரம். "அஞ்சு நாள் நிறுத்திட்டு வாங்க" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். ஈறில் கசியும் ரத்தத்தைப் பஞ்சு வைத்து அழுத்தியே பெரும்பாலும் நிறுத்திவிடலாம். இதய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எதையும் நிறுத்தக்கூடாது. ஹெர்னியா மாதிரி அவசரமில்லாத ஆபரேஷன் என்றால் அதையே தள்ளிப்போடலாம்.

டிகாக்ரெலார் தினம் இரண்டு வேளை. ராத்திரி மாத்திரையை விடுகிறவர்கள் அதிகம். டிகாக்ரெலார் சிலருக்கு மூச்சு வாங்க வைக்கும். மாத்திரைதான் காரணம் என்று தெரிந்தால் டாக்டர் வேறு மாற்றித் தருவார். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மாத்திரையிலும் கவனம் வேண்டும். க்ளோபிடோக்ரல் கல்லீரலில் மாறிய பிறகுதான் வேலை செய்யும். வயிற்று அமிலத்துக்குப் போடும் ஒமேப்ரசோல் அந்த மாற்றத்தைக் குறைக்கும். அதனால்தான் பலருக்கும் அதற்குப் பதில் பான்டோப்ரசோல் எழுதுகிறார்கள். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போட்டால் வயிற்றில் ரத்தக்கசிவு கூடும்.

கையில் சின்னதாகக் கன்றிப்போவது சகஜம். மலம் தார் மாதிரி கறுத்துப் போனாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, திடீரென்று கடுமையான தலைவலி வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி போக வேண்டும். மறுபடி நெஞ்சு வலித்தால், கேஸ் என்று சோடா குடித்துப் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.