கடினமான பார்-3 ஹோல்களை ஆடுவது எப்படி: எங்கே தவறலாம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

கோல்ஃபில் நீளமான ஹோல்களில் முதல் அடி பிசகினாலும் அடுத்த அடியில் அதை ஈடுகட்ட இடம் இருக்கும். பார்-3 ஹோலில், அதாவது மூன்று அடிகளில் முடிக்க வேண்டும் என்று வகுக்கப்பட்ட ஹோலில், அந்த வசதி மிகக் குறைவு. டீயில் (ஹோலைத் தொடங்கும் இடம்) நின்று அடிக்கும் அந்த ஓர் அடி கிரீனில் (குழியும் கொடியும் உள்ள மழித்த புல்தரை) போய் நிற்க வேண்டும், அதன் பிறகு இரண்டு பட்டுகளில் (பந்தைத் தரையில் உருட்டும் அடிகள்) பந்து குழிக்குள் விழ வேண்டும். ஆட்டக்காரர்கள் அஞ்சும் பார்-3 ஹோல்களில் பல நீளமானவையே அல்ல என்பது முதலில் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி. ஸ்காட்லாந்தின் ராயல் ட்ரூன் மைதானத்தின் 8ஆவது ஹோல் 123 யார்டு, ஃப்ளோரிடாவில் டிபிசி சாக்ராஸ் மைதானத்தின் 17ஆவது ஹோல் 137 யார்டு, ஜார்ஜியாவில் அகஸ்டா நேஷனலின் 12ஆவது ஹோல் 155 யார்டு. உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களுக்கு இவை வெட்ஜ் அல்லது சிறிய அயர்ன் போன்ற குறுந்தூரக் கிளப்பால் (மட்டையால்) எட்டக்கூடிய தூரங்கள்தான். அப்படியிருந்தும் இங்கே கோப்பைகள் கைநழுவியிருக்கின்றன. தவறிய பந்து போய்ச் சேரும் இடத்தில் மீட்சி இல்லாததே அதற்குக் காரணம்.

ஆகவே, இத்தகைய ஹோலில் டீயின் மேல் நின்றதும் கொடியைப் பார்ப்பதற்கு முன்னால் கிரீனைச் சுற்றியுள்ள நான்கு பக்கங்களையும் பார்த்துவிட வேண்டும். எந்தப் பக்கம் போனால் ஓர் அடி மட்டும் கூடும், எந்தப் பக்கம் போனால் மூன்று நான்கு அடிகள் கூடும் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். குறியையும் கிளப்பையும் அதன் பிறகே தீர்மானிக்க வேண்டும்.

இதை எனக்குத் தெரிந்த வரையில் மிகத் தெளிவாகச் செய்து காட்டியவர் தென்னாப்பிரிக்காவின் பாபி லாக். வட அயர்லாந்தின் ராயல் போர்ட்ரஷ் மைதானத்தில் ‘கலாமிட்டி’ என்று அழைக்கப்படும் பார்-3 ஹோல் ஒன்று உண்டு. கலாமிட்டி என்றால் பேரிடர். இன்று அது 16ஆவது ஹோல், 2019 ஓப்பன் போட்டியில் (பிரிட்டனின் பெரும் கோல்ஃப் போட்டி) அதன் நீளம் 236 யார்டு. வலப்பக்கம் முழுவதும் செங்குத்தாகச் சரியும் ஆழமான பள்ளத்தாக்கு. அதில் இறங்கிய பந்தை ஒரே அடியில் மேலே கொண்டுவந்து கிரீனில் நிறுத்துவது மிகவும் அரிது. கிரீனுக்கு இடப்புறம் சற்று முன்னதாக ஆழம் குறைந்த ஒரு புல்தாழ்வு இருக்கிறது. 1951 ஓப்பன் போட்டியின் நான்கு நாள்களிலும் லாக் வேண்டுமென்றே அந்தத் தாழ்வை நோக்கியே அடித்தார். அங்கிருந்து பந்தைக் கொடியருகே சேர்த்து, ஒரே பட்டில் முடித்து, நான்கு முறையும் பார் எடுத்தார், அதாவது மூன்றே அடிகளில் முடித்தார். அந்த இடத்துக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. நடப்பு வெற்றியாளராக அங்கு வந்திருந்த ஒருவர் கிரீனையே குறிவைக்காமல் ஆடினார் என்பதை, ஒவ்வொரு பார்-3 ஹோலிலும் கொடியை மட்டுமே பார்த்துப் பழகியவர்கள் ஆழ்ந்து யோசிக்க வேண்டும்.

அடுத்தது தூரம். நம்மில் பலருக்கு ஒவ்வொரு கிளப்புக்கும் மனத்தில் ஒரு தூரம் இருக்கிறது. பெரும்பாலும் அது என்றோ ஒரு நாள் மிக நன்றாகப் பட்ட அடியின் தூரம், அதுவும் உருண்டு ஓடியதைச் சேர்த்த தூரம். தண்ணீரைத் தாண்ட வேண்டிய ஹோலில் அந்த எண் நம்மைக் கைவிட்டுவிடும். பயிற்சித் திடலில் ஒவ்வொரு அயர்னாலும் பத்துப் பந்துகள் அடித்து, அவை காற்றில் பறந்து தரையைத் தொட்ட இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நீளமான இரண்டையும் குட்டையான இரண்டையும் விட்டுவிட்டு, நடுவிலுள்ள ஆறின் சராசரியை உங்கள் தூரமாகக் கொள்ளுங்கள். மைதானத்தில் கொடி வரையான தூரத்தோடு, கிரீனின் முன்விளிம்பு வரையும் பின்விளிம்பு வரையும் உள்ள தூரங்களையும் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் முன்னால் இருந்தால், சற்றுக் குறைவாகப் பட்ட அடியும் முன்விளிம்பைத் தாண்டும்படியான கிளப்பை எடுக்க வேண்டும். ஐயம் இருந்தால் ஒரு கிளப் கூடுதலாக எடுத்து, முக்கால் வீச்சில் நிதானமாக அடியுங்கள்.

சாக்ராஸின் 17ஆவது ஹோலில் தண்ணீர் ஏறத்தாழ எல்லாப் பக்கமும் இருப்பதால், பாதுகாப்பான பக்கம் என்று ஒன்றைத் தேடிப் பயனில்லை. அந்த ஹோல் உருவான விதமே வேறு. மைதானத்தை வடிவமைத்த பீட் டை, மற்ற ஹோல்களுக்குத் தேவையான நல்ல மணலை அந்த இடத்திலிருந்து தோண்டத் தோண்ட அங்கே பெரும் பள்ளம் ஏற்பட்டுவிட்டது. அந்தப் பள்ளத்தில் தண்ணீரை நிரப்பி, கிரீனைத் தீவாக விட்டுவிடலாம் என்று யோசனை சொன்னவர் அவருடைய மனைவி ஆலிஸ் டை. சுமார் 26 யார்டு நீளமுள்ள அந்தத் தீவுக் கிரீனில் முன் வலப்புறம் ஒரு சிறு பங்கரும் (மணற்குழி), நடைபாதைக்கான ஒடுங்கிய நிலத்துண்டும் தவிர வேறு தரை இல்லை. 2007இல் அங்கே நடந்த ப்ளேயர்ஸ் சாம்பியன்ஷிப் போட்டியின் முதல் நாளில் மட்டும் 50 பந்துகள் தண்ணீருக்குள் போயின. 2005இல் பாப் ட்வே அங்கே 12 அடிகள் எடுத்தார். இங்கே செய்ய வேண்டியது ஒன்றுதான்: கொடி எங்கே குத்தியிருந்தாலும் கிரீனின் நடுவுக்குரிய தூரத்தை அடியுங்கள். கொடி வலது மூலையில் இருக்கும் நாளில் அதை நேராகக் குறிவைப்பவர், பத்து யார்டு பிழைக்கு இடமிருக்கும் கிரீனைத் தாமே மூன்று யார்டாகச் சுருக்கிக்கொள்கிறார்.

அகஸ்டாவின் 12ஆவது ஹோலைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் பார்-3 ஹோலின் வடிவத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து வேறில்லை. கிரீனுக்கு முன்னால் ரேஸ் க்ரீக் ஓடை, அதை ஒட்டி வழுக்கும்படி வெட்டப்பட்ட புல்சரிவு, முன்னால் ஒரு பங்கர், பின்னால் இரண்டு. கிரீன் அகலமாக இருந்தாலும் அதன் ஆழம் மிகக் குறைவு. போதாக்குறைக்கு அது டீக்கு நேர்குறுக்காக இல்லாமல் சாய்வாகக் கிடக்கிறது: இடப்பக்கம் நமக்கு அருகே, வலப்பக்கம் தொலைவே. வலக்கை ஆட்டக்காரரின் அடி வலப்பக்கம் நழுவும்போது கிளப்பின் முகம் திறந்திருப்பதால் பந்து உயர எழும்பித் தூரம் குறைந்துவிடும். இடப்பக்கம் இழுபட்ட அடியோ தாழ்வாகவும் நீளமாகவும் போகும். ஆக, வலப்பக்கம் நழுவும் பந்துக்குக் கூடுதல் தூரம் தேவைப்படும் இடத்தில் அதற்குத் தூரம் குறைகிறது, அது ஓடையில் விழுகிறது. இடப்பக்கம் இழுபட்டதோ கிரீனைத் தாண்டிப் பின்பங்கரிலோ புதரிலோ சேர்கிறது. இடக்கை ஆட்டக்காரருக்கு இதே சாய்வு சாதகமாக அமைகிறது. உங்கள் ஊர் மைதானத்திலும் சாய்வாகக் கிடக்கும் கிரீன் இருந்தால், உங்கள் வழக்கமான பிழை அந்தச் சாய்வோடு ஒத்துப்போகிறதா, அதற்கு எதிராகப் போகிறதா என்று ஒரு முறை வரைந்து பாருங்கள்.

அகஸ்டாவில் நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டியின் 2019ஆம் ஆண்டுக் கடைசி நாளில் கொடி அந்த வலப்பக்கத்தில் இருந்தது. ஃப்ரான்செஸ்கோ மோலினாரி, டோனி ஃபினாவ், அவர்களுக்கு முன் ஆடிய புரூக்ஸ் கெப்கா, இயன் போல்ட்டர் ஆகிய நால்வரின் பந்துகளும் ஓடைக்குள் போயின. டைகர் உட்ஸ் கொடியை விட்டுவிட்டு இடப்பக்கம் கிரீனின் பாதுகாப்பான பகுதிக்கு அடித்து, நீண்ட தூரத்திலிருந்து இரண்டு பட்டுகளில் பார் எடுத்தார். அதுவரை மோலினாரிக்கு இரண்டு அடிகள் பின்தங்கியிருந்தவர் அந்த ஹோலில் சமநிலைக்கு வந்து, இறுதியில் பட்டத்தையும் வென்றார். அடுத்த ஆண்டு, 2020இல், அதே மனிதர் அதே ஹோலில் மூன்று பந்துகளைத் தண்ணீரில் இழந்து 10 அடிகள் எடுத்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அகஸ்டாவின் இன்னொரு சிக்கல் காற்று. சுற்றிலும் உயர்ந்த மரங்கள் இருப்பதால் காற்று சுழல்கிறது, பக்கத்திலிருக்கும் 11ஆவது கிரீனின் கொடி ஒரு திசையிலும் 12ஆவது கொடி வேறு திசையிலும் பறக்கும் நேரங்கள் உண்டு. நாம் டீயில் புல்லைக் கிள்ளிப் போட்டுப் பார்ப்பது தரையருகே வீசும் காற்றைத்தான். தொழில்முறை ஆட்டக்காரர்களின் அயர்ன் அடி சுமார் 30 யார்டு உயரம் எழும்புகிறது, ஆகவே மர உச்சிகளின் அசைவையும் தண்ணீரின் மேலுள்ள அலைவையும் கவனிக்க வேண்டும். எதிர்க்காற்று மணிக்குப் பத்து மைல் என்றால் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு குறையும், பின்காற்று அதில் பாதி அளவே கூட்டும் என்பது நடைமுறைக் கணக்கு. எதிர்க்காற்றில் பலமாக அடித்தால் பந்தின் பின்சுழற்சி கூடி, அது மேலும் உயர்ந்து நின்றுவிடும். அங்கேயும் பெரிய கிளப்பும் மெதுவான வீச்சுமே சரி.

ட்ரூனின் 8ஆவது ஹோலுக்கு ‘தபால்தலை’ என்று பொருள்படும் பெயர் வந்ததற்குக் கிரீனின் அளவே காரணம். சுற்றிலும் ஐந்து ஆழமான பங்கர்கள். 1950இல் ஜெர்மன் அமெச்சூர் ஹெர்மான் டிசிஸ் ஒரு பங்கரிலிருந்து எதிர்ப்பக்கப் பங்கருக்கும், அங்கிருந்து மறுபடி இங்குமாகப் போய்வந்து 15 அடிகள் எடுத்தார். சுவர்போல நிற்கும் பங்கரில் பந்து மாட்டினால், கொடியின் திசையை மறந்துவிட்டு, சுவர் தாழ்ந்திருக்கும் பக்கமாக, பின்புறமானாலும் சரி, ஓர் அடியில் வெளியே வந்துவிடுங்கள். மனத்தைத் தொடும் இன்னொரு செய்தியும் இதே ஹோலுக்கு உண்டு. 1973இல், 71 வயதில், ஜீன் சாரசென் இங்கே 5-அயர்னால் ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் போட்டார். மறுநாள் பந்து பங்கரில் விழுந்தது, அங்கிருந்து நேராகக் குழிக்குள் அடித்து இரண்டில் முடித்தார். இரண்டு நாளும் இந்த ஹோலில் அவர் பட்டரைத் தொடவே இல்லை.

மிக நீளமான பார்-3 ஹோல்களுக்கு அணுகுமுறை வேறு. ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி மைதானத்தின் 16ஆவது ஹோல் 248 யார்டு. 1975 ஓப்பனில் டாம் வாட்சன், பட்டத்தைத் தீர்மானித்த பிளேஆஃப் சுற்றையும் சேர்த்து ஐந்து முறை அங்கே ஆடி ஒரு முறைகூடப் பார் எடுக்கவில்லை. பட்டம் அவருக்கே கிடைத்தது. உங்கள் டிரைவரும் (மிக நீளமாக அடிக்கும் கிளப்) எட்டாத அல்லது அரிதாகவே எட்டும் ஹோலில், கிரீனுக்கு முன்னால் நல்ல புல்வெளியில் பந்தை நிறுத்தி, ஒரு சிப் (கிரீனுக்கு அருகிலிருந்து அடிக்கும் சிறு அடி), இரண்டு பட்டுகளில் நான்கு எடுப்பது முழுமையான திட்டமே.

எல்லாம் செய்தும் பந்து தண்ணீருக்குள் போய்விட்டால், அடுத்த அடியை அவசரப்பட்டு அடிக்காதீர்கள். 2016 மாஸ்டர்ஸில் கடைசி ஒன்பது ஹோல்களை ஐந்து அடி முன்னிலையோடு தொடங்கிய ஜோர்டன் ஸ்பீத், அகஸ்டாவின் 12ஆவது ஹோலில் முதல் பந்தை ஓடையில் இழந்தார். டிராப் செய்து (விதிப்படி மாற்றுப் பந்தைக் கையிலிருந்து விழவிட்டு) குறுகிய தூரத்திலிருந்து அடித்த அடியில் கிளப் தரையில் புதைய, அந்தப் பந்தும் ஓடைக்குள் போனது. முடிவில் 7 அடிகள். அரை வீச்சு, முக்கால் வீச்சு தேவைப்படும் தூரங்கள் பதற்றத்தில் மிகக் கடினமானவை, ஆகவே விதி அனுமதிக்கும் இடங்களில் உங்களுக்கு முழு வெட்ஜ் வீச்சு கிடைக்கும் தூரத்துக்குப் பின்னே சென்று டிராப் செய்யுங்கள். ஓர் அடி தண்டத்தோடு டீக்கே திரும்புவதற்கும் உரிமை உண்டு. அப்போது டீயிங் ஏரியாவுக்குள் எங்கு வேண்டுமானாலும் பந்தை மறுபடி டீயின் மேல் வைக்கலாம், தூரமும் காற்றும் சற்று முன்னர்தான் அறிந்தவை. 1999இல் சாக்ராஸின் 17ஆவது ஹோலில் ஃப்ரெட் கபிள்ஸ் முதல் பந்தைத் தண்ணீரில் இழந்தபின் அதைத்தான் செய்தார். டீயில் நின்று அவர் அடித்த மூன்றாவது அடி காற்றிலேயே சென்று நேராகக் குழிக்குள் விழுந்தது, அட்டையில் 3 என்று எழுதிக்கொண்டார்.